ஸ்தாபகரின் வாரிசுகள்

தரங்கம்பாடியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் முதல் வாக்கியத்தில் ஒரு டேனிஷ் பிரபு நிற்கிறார். 1620-ல் வந்தார், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார், டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினார். அடுத்த வாக்கியத்தில் 86 வருஷங்களைத் தாண்டி சீகன்பால்கு கரையிறங்கிவிடுவார். நடுவில் அந்தப் பிரபு என்ன ஆனார், எங்கே போனார், அவருக்குப் பின்னால் யார் என்ற கேள்விகள் நம் சரித்திரக்காரர்களுக்கு எழுவதே இல்லை. ஸ்தாபகர் என்று ஒருவர் கிடைத்தால் போதும். அவர் கல்லாகி நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. அவர் பெயரைக்கூட நாம் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். நான் ஓவே கெட்டே என்று எழுதுகிறேன். டேனிஷ்காரர் காதுக்கு இதுவும் சரியாக இராது. அந்தக் குடும்பப் பெயருக்கு, மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும் ஒரு நன்னீர் மீன் என்று அர்த்தம். மீன்காரர்களின் ஊர் ஒன்றை மீன் பெயருள்ள ஒருவர் வாடகைக்கு எடுத்தார் என்பதில் குறியீடு எதுவும் இல்லை. சரித்திரம் சில சமயம் இப்படி மலிவாகவும் இருக்கும்.

வாரிசு என்ற சொல் நம்மிடையே அடிக்கடி புழங்குகிறது. பாரதிக்கு யார் வாரிசு, புதுமைப்பித்தனுக்கு யார் வாரிசு என்ற சண்டையில் எத்தனை பத்திரிகைகளின் எத்தனை பக்கங்கள் தீர்ந்திருக்கின்றன. ரத்தத்தில் வருவதா, வேலையில் வருவதா, அல்லது யாரும் எதிர்பாராமல் வேறெங்கோ முளைப்பதா என்பதை இலக்கியத்துக்கு வெளியே ஒரு மனிதனை வைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது. கெட்டே அதற்குத் தோதான ஆள்.

1594 டிசம்பரில், ஸ்கோனே பிரதேசத்தில் டொம்மார்ப் என்ற இடத்தில் பிறந்தார். அன்றைக்கு அது டென்மார்க், இன்றைக்கு சுவீடன். டேனிஷ் பிரபுத்துவம் அப்போது எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு கூட்டம். நிலம் அவர்கள் கையில், வரி அவர்களுக்கு இல்லை, ராஜாவைத் தேர்ந்தெடுத்துக் கட்டுப்படுத்தும் ஆலோசனைச் சபையும் அவர்களுடையதே. பையன்கள் வெளிநாட்டில் படிப்பதும், அந்நிய ராஜாக்களின் படைகளில் கொஞ்சம் சண்டை பழகுவதும், திரும்பி வந்து அரண்மனையில் ஒரு பதவிக்குக் காத்திருப்பதும் வாடிக்கை. நான்காம் கிறிஸ்டியன் இந்த வாலிபனை அழைத்து ஐந்து கப்பல்களுக்குத் தலைவனாக்கி இலங்கைக்குப் போ என்றபோது வயது 23. கடல் அனுபவம் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. பிறப்பே தகுதி. கப்பலை ஓட்டத் தெரிந்தவர்கள், கணக்கெழுதத் தெரிந்தவர்கள், கிழக்கே ஏற்கெனவே போய் வந்தவர்கள் எல்லாம் கீழே இருந்தார்கள். அவர்களில் பலர் டச்சுக்காரர்கள்.

டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1616-ல் பிறந்ததே ஹாலந்திலிருந்து வந்த இரண்டு வியாபாரிகளின் யோசனையால்தான். அதற்குப் பிறகு மார்செலிஸ் போஷௌவர் என்ற இன்னொரு டச்சுக்காரர் கண்டி ராஜா செனரத்தின் தூதன் என்று சொல்லிக்கொண்டு கோபன்ஹேகனுக்கு வந்தார். போர்ச்சுகீசியரை விரட்டப் படை கொடுத்தால் இலங்கை வியாபாரம் முழுவதும் உங்களுக்கே என்றார். ராஜா நம்பினார். 1618 நவம்பரில் கப்பல்கள் கிளம்பின. ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்து இலங்கையை அடைவதற்குள் ஒன்றரை வருஷம் ஆயிற்று. புறப்பட்டவர்களில் பாதிக்கு மேல் வழியிலேயே செத்தார்கள். போஷௌவரும் செத்தார். 1620 மே மாதம் கரையிறங்கிய கெட்டேயிடம், தூதன் இல்லை, தூதன் கொடுத்த வாக்குறுதி மட்டும் இருந்தது. அதையும் கண்டி ராஜா ஏற்கவில்லை. அவர் இதற்குள் போர்ச்சுகீசியரோடு சமாதானம் செய்துகொண்டிருந்தார். இழுபறிக்குப் பின் ஆகஸ்டில் ஒரு காகிதம் கையெழுத்தாகி, திருகோணமலை டேனிஷ்காரர்களுக்கு என்று ஆயிற்று. கோணேசர் கோயில் நின்ற அந்த முனையில் அவர்கள் அரண் கட்டவும் தொடங்கினார்கள். கட்டி முடிக்கவில்லை. ஆக, அவர் கண்ட முதல் தமிழ்க் கரை தரங்கம்பாடி அல்ல, திருகோணமலை. அங்கே அவர் ஸ்தாபகர் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தக் கட்டுரையை யாழ்ப்பாணத்தில் யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

தஞ்சாவூர் வாசலை அவருக்குத் திறந்து வைத்தவர் வேறொருவர். கப்பல் கூட்டத்துக்கு முன்னோடியாக 1618-லேயே கிளம்பிய 'ஓரெசுண்ட்' கப்பலில் ரோலண்ட் கிராப்பே என்ற டச்சுக்காரர் வந்திருந்தார். காரைக்காலுக்கு அப்பால் போர்ச்சுகீசியர் அந்தக் கப்பலைத் தாக்கி அழித்தார்கள். ஆட்களில் பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். இரண்டு பேரின் தலைகளைக் கரையில் கழியில் குத்தி வைத்தார்கள், வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக. கிராப்பேயும் பதின்மூன்று பேரும் தப்பிக் கரையேறி, உள்ளூர் ஆட்களிடம் சிக்கி, தஞ்சாவூருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நனைந்த துணியோடு கைதியாகப் போன இந்த மனிதர்தான் நாயக்கரிடம் பேசிப் பேசி வியாபாரத்துக்கு வழி பண்ணினார். கெட்டே அக்டோபர் வாக்கில் வந்து, பேச்சை முடித்து, கையெழுத்துப் போட்டார். பலகையில் எந்தப் பெயர் எழுதப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

ரகுநாதர் ஏன் இணங்கினார் என்பதற்கு 'அயல்நாட்டாரை அன்போடு வரவேற்ற மன்னர்' என்ற பாடப்புத்தகப் பதில் இருக்கிறது. இந்தப் பதிலை நம்பாமலிருக்கத் திருச்சிக்காரர்களுக்கு அருகிலேயே காரணம் உண்டு. 1616-17-ல் தோப்பூரில், திருச்சிக்கும் கல்லணைக்கும் இடையில், தென்னாட்டின் மிகப் பெரிய யுத்தங்களில் ஒன்று நடந்தது. விஜயநகர சிம்மாசனத்துக்கு யார் என்பது வழக்கு. ஜக்கராயன் ஒரு பக்கம். அவனோடு மதுரை நாயக்கர். சிறுவன் ராமதேவராயன் பக்கம் யாசம நாயக்கரும் ரகுநாதரும். எதிரிகள் காவேரி அணையை உடைத்துவிட்டு ரகுநாதரின் வழியை மறித்தார்கள் என்றும், அவர் வென்றபின் அதைத் திரும்பக் கட்டினார் என்றும் அவரது சபைக் கவிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே வருஷங்களில் மதுரைக்காரர்களின் தலைநகர் திருச்சிக்கு வந்துவிட்டது. மலைக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் ஒரு நாள் குதிரைப் பயணம். இன்னொரு பக்கம் கடல். நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர். 1619-ல் அவர்கள் யாழ்ப்பாணத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரகுநாதர் யாழ்ப்பாணத்துக்குப் படை அனுப்பிக்கொண்டிருந்த நேரம் இது. கப்பலும் பீரங்கியும் வைத்திருக்கும், ஆனால் போர்ச்சுகீசியர் அல்லாத எவன் வந்தாலும் அவருக்கு லாபம். வந்தவன் சிறியவனாக, தூரதேசத்தானாக, தன்னை விட்டால் வேறு போக்கில்லாதவனாக இருந்தால் இன்னும் நல்லது. கெட்டே மூன்றுமாகவும் இருந்தார். ரகுநாதரின் ராஜதந்திரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

1620 நவம்பர் 20-ல் ஒப்பந்தம். தரங்கம்பாடி கிராமம், அங்கே ஒரு கல்வீடு கட்டும் உரிமை, வரி வசூலிக்கும் உரிமை, தங்கள் மதத்தைத் தாங்கள் அனுசரிக்கும் உரிமை. பதிலுக்கு வருஷத்துக்கு 3,111 ரூபாய். கோட்டை என்று நாம் சொல்வது காகிதத்தில் 'கல்வீடு'தான். ரகுநாதர் டேனிஷ் ராஜாவுக்குப் பொன் ஏட்டில் தமிழில் எழுதியனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இந்தப் பொன் ஏட்டைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு புல்லரிப்பு உண்டு. எனக்கு 3,111-தான் சுவாரஸ்யமாக இருக்கிறது. இது ஒருவேளை நாள் முழுவதும் பேரேட்டோடு உட்கார்ந்திருப்பதால் வந்த கோளாறு. பொன் ஏடு ஒரு நாள் விஷயம். 3,111 வருஷா வருஷம் வந்து கதவைத் தட்டுவது. தரங்கம்பாடியின் அடுத்த அரை நூற்றாண்டுச் சண்டைகளில் பல, இந்தத் தொகை பாக்கி விழுந்ததால் வந்தவை.

கெட்டே பயணக் குறிப்பு எழுதி வைத்தார். 1770-களில் ஷ்லேகல் என்பவர் அதை அச்சில் கொண்டுவந்தார். அது தன்னை அனுப்பியவர்களுக்கு ஒரு தளபதி சமர்ப்பிக்கும் கணக்கு: நாள், இடம், பேச்சு, தகராறு, சாவு. பிரபுவுக்குத் தான் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதில் பெரிய ஆர்வம் இல்லை; தான் பழிக்கு ஆளாகக்கூடாது என்பதில் இருக்கிறது. இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது யோன் ஓலாப்சன் என்ற ஐஸ்லாந்துக்காரரின் சுயசரிதை. ஏழைப் பண்ணை வீட்டுப் பிள்ளை, பீரங்கிப் படையாள். 1620-களின் தொடக்கத்தில் தரங்கம்பாடிக் கோட்டையில் காவல் இருந்து, வெடிமருந்து விபத்தில் காயப்பட்டு ஊர் திரும்பி, முதுமையில் எழுதினார். கோயில், தேவதாசிகள், ஊர் வழக்கம், சாப்பாடு என்று கண்ணில் பட்டதெல்லாம் அதில் வருகிறது. தப்பும் தவறுமாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. பதினேழாம் நூற்றாண்டுக் காவேரிக் கரையோரத்தை வெளியாள் ஒருவன் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் ஸ்தாபகரை மூடி வைத்துவிட்டுப் படையாளைத்தான் திறக்க வேண்டும். அந்தஸ்து பார்வையைக் கூர்மையாக்கும் என்பதற்கு இலக்கியத்தில் எங்கேயும் அத்தாட்சி இல்லை.

சில மாதங்களே கெட்டே இந்தக் கரையில் இருந்தார். வேலையைக் கிராப்பேயிடம் விட்டுவிட்டு, 1621-ல் இலங்கை வழியாகக் கிளம்பி, 1622 மார்ச்சில் கோபன்ஹேகன் சேர்ந்தார். 66 வருஷ வாழ்க்கையில் தமிழ்க் கரைகள் இரண்டும் சேர்ந்து ஒரு வருஷத்தைச் சற்றே தாண்டும். அந்த வருஷமே டொரதேயா ஊர்னேவை மணந்தார்; பிரபு வீட்டுப் பெண். பல குழந்தைகள். பிறகு நார்வேயில் ராஜாவின் நிலங்களுக்கு அதிகாரி. நார்வேயில் 1623-ல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டு, காங்ஸ்பெர்க் என்ற ஊரே அதன்மேல் எழுந்தது. அந்தச் சுரங்கங்களின் மேற்பார்வை பிற்பாடு கெட்டே பொறுப்பில் வந்தது. சோழமண்டலக் கரையில் ஐரோப்பியன் விற்பதற்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. கம்பளித் துணி இங்கே யாருக்கு வேண்டும்? மிளகுக்கும் துணிக்கும் மாற்றாக அவர்களிடமிருந்து நாம் வாங்கியது வெள்ளி மட்டும்தான். அது போதாமல்தான் தரங்கம்பாடி வியாபாரம் திணறியது. கிழக்கே வெள்ளி எப்படிக் கரைகிறது என்று கண்ணால் பார்த்துவந்த மனிதர் வடக்கே வெள்ளி தோண்டுகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம். அவர் இரண்டையும் சேர்த்து யோசித்தாரா என்பது வேறு.

1645-ல் கெட்டே டென்மார்க்கின் பேரட்மிரல் ஆனார். நாட்டின் கப்பல் படை அவர் கையில். இங்கேதான் கதை கோணலாகிறது. 1639-க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்குக் கப்பல் கிளம்பவில்லை. முப்பது வருஷப் போர், சுவீடனோடு போர், காலியான கஜானா. 1648-ல் கோட்டைக்குள் கலகம் நடந்து தலைவர் லேயெல் துரத்தப்பட்டார். 1650-ல் மூன்றாம் ஃபிரடெரிக் கம்பெனியையே கலைத்துவிட்டார். இவ்வளவும் நடந்தபோது அந்தக் கோட்டையை ஸ்தாபித்தவர் கோபன்ஹேகனில் ராஜ சபையில் உட்கார்ந்திருந்தார். ஸ்தாபகர் ஸ்தாபித்ததை மறந்தார் என்று கதைத்தனமாகச் சொல்ல நான் தயங்குகிறேன். தன் கிராமங்களை எரித்துக்கொண்டு சுவீடன்காரன் உள்ளே வரும்போது பல ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு கல்வீட்டை யார் நினைப்பார்கள்? ஆனால் அந்தக் கல்வீட்டில் ஒருவர் இருந்தார்.

எஸ்கில்ட் ஆண்டர்சன் காங்ஸ்பக்கே. படிப்பு வாசனையற்ற சாதாரணப் படையாள். மற்ற டேனிஷ்காரர்கள் செத்தும் ஓடியும் போக, 1655 முதல் கோட்டையில் எஞ்சிய ஒரே டேனிஷ்காரர் இவர், தலைவரும் இவரே. கையில் இருந்தது உள்ளூர் ஆட்கள். கப்பம் பாக்கி என்று தஞ்சாவூர்ப் படை வந்து முற்றுகையிட்டது, ஒரு தடவைக்கு மேல். இவர் தாக்குப்பிடித்தார். வங்காள விரிகுடாவில் போகிற வருகிற கப்பல்களைக் கொள்ளையிட்டு, சரக்கை விற்று, அந்தப் பணத்தில் கோட்டையைச் செப்பனிட்டார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கடைசியில் நாயக்கரோடு ஒரு சமரசத்துக்கும் வந்தார். இதைப் புனிதமாக்க வேண்டியதில்லை, கடற்கொள்ளை கடற்கொள்ளைதான். இடையே மற்ற ஐரோப்பியக் கப்பல்களில் ஆள் மூலம் ஊருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். பதில் 1669 மே மாதம் வந்தது, 'ஃபேரோ' என்ற கப்பலாக. இவரே தலைவர் என்ற நியமனப் பத்திரம் அதில் இருந்தது. தானே எடுத்துக்கொண்ட வேலைக்குப் பதினான்கு வருஷம் கழித்து உத்தரவு. நம் அலுவலகங்களில் இதைவிட வேகமாக நடப்பதைப் பார்த்திருக்கிறோம் என்று சொல்ல முடியாது.

ஆக, டான்ஸ்போர்க்கை டேனிஷ் கோட்டையாக வைத்திருந்தது கெட்டேயின் கையெழுத்தா, காங்ஸ்பக்கேயின் பிடிவாதமா? முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை என்பார்கள். சரி. ஆனால் இரண்டாவது இல்லாமல் முதலாவது ஒரு அடிக்குறிப்பு. திருகோணமலைக் காகிதத்தைப் போல. பிரபுவுக்குக் கடலோரத்தில் ஒரு வாரிசு இருந்தார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

பிரபுவின் முடிவு வேறு விதமானது. 1658-ல் ரோஸ்கில்டே உடன்படிக்கையில் ஸ்கோனே முழுவதும் சுவீடனுக்குப் போயிற்று. பிறந்த வீடு அந்நிய நாடாகிவிட்டது. மறுபடி போர் மூண்டதும் சுவீடன்காரர்கள் அவரைப் பிடித்துச் சிறை வைத்தார்கள். விடுதலையாகி கோபன்ஹேகன் வந்தபோது, 1660 அக்டோபரில், டென்மார்க் பரம்பரை முடியாட்சியானது. ராஜாவைத் தேர்ந்தெடுத்துவந்த பிரபுக்களின் சபை இல்லாமல் போயிற்று. டிசம்பரில் கெட்டே இறந்தார். அவரை 23 வயதில் ஐந்து கப்பல்களுக்குத் தலைவனாக்கிய ஏற்பாடு முடிந்து இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அவருடைய ரத்த வாரிசுகளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. 1884 முதல் டேனிஷ் பிரபுக் குடும்பங்களுக்கென்றே ஓர் ஆண்டுமலர் வருகிறது. யார் யாருக்குப் பிறந்தார், யாரை மணந்தார், எந்த மாளிகையை விற்றார் எல்லாம் அதில் அடக்கம். அந்த வரிசைகளைப் படிப்பது நம் குலமுறை கிளத்தும் படலங்களைப் படிப்பதைப் போன்றதே: பெயர்கள் நிறைய, மனிதர்கள் குறைவு. எனக்கு இரண்டு விஷயங்கள் தங்கின. நார்வேயில் உலெஃபாஸ் என்ற இடத்தில் 1657-ல் நிறுவப்பட்ட இரும்பு உருக்காலை. நிறுவியவர்களில் கெட்டேயும் ஒருவர். நம் காலம்வரை இரும்பு வார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. தரங்கம்பாடி கைமாறி, கம்பெனிகள் கலைந்து, ராஜ்யங்கள் போன பிறகும் அவர் கைவைத்ததில் ஓடிக்கொண்டிருந்தது ஓர் அடுப்பு. இன்னொன்று அதே கெட்டே குடும்பத்தைச் சேர்ந்த, 1756 முதல் 1816 வரை வாழ்ந்த ஓர் அரண்மனை அதிகாரி. இவர் புல்லாங்குழல் பைத்தியம். வாழ்நாளெல்லாம் சேர்த்த குழலிசைப் பிரதிகள் கோபன்ஹேகன் ராஜாங்க நூலகத்தில் 'கெட்டே தொகுப்பு' என்ற பெயரில் இருக்கின்றன. ஐரோப்பியச் சங்கீத ஆராய்ச்சியாளர்களிடம் கெட்டே என்றால் இந்தத் தொகுப்புதான் ஞாபகம் வரும், தரங்கம்பாடி அல்ல.

ஒப்பந்தத்தில் எதிர்ப்பக்கம் கையெழுத்திட்டவரையும் சங்கீதத்தை வைத்துத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இன்று மேடையில் இருக்கும் வீணையின் இருபத்துநான்கு அசையா மெட்டுகளுக்கு ரகுநாதர் பெயரைச் சொல்கிறார்கள். 'சங்கீத சுதா' அவர் பெயரில் இருக்கிறது. எழுதியது மந்திரி கோவிந்த தீட்சிதர் என்பது அறிஞர் மதம். ஆனால் அந்த வம்சம் முடிந்த விதம் டேனிஷ் ஆண்டுமலரில் ஏறக்கூடியது அல்ல. அதைச் சொல்ல ஸ்ரீரங்கத்துக்கு வரவேண்டும்.

ரகுநாதரின் தகப்பனார் அச்சுதப்பர் ரங்கநாதர் மீது பித்துக்கொண்டவர். கோயிலுக்கு நிறையச் செய்தவர். மகனுக்குப் பட்டம் கட்டிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கே வந்து முதுமையைக் கழித்தார். பேரன் விஜயராகவர் அந்தப் பக்தியை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். நாற்பது வருஷ ஆட்சி. காங்ஸ்பக்கேயின் மதிலை முற்றுகையிட்டவை இவருடைய படைகள். 1673-ல் திருச்சியிலிருந்த சொக்கநாத நாயக்கர் படையெடுத்தார். பெண் கேட்டு மறுக்கப்பட்டதால் என்று சரித்திரங்கள் சொல்கின்றன. தோப்பூர் கணக்கு தீரவில்லை என்றும் சொல்லலாம். தஞ்சாவூர் அந்தப்புரம் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. கிழவரான விஜயராகவர் வாளோடு வெளியே வந்து செத்தார். தலை திருச்சிக்கு வந்தது. அதே வேளையில் விஜயராகவர் தம் பரிவாரத்தோடு ஸ்ரீரங்கத்தில் பெருமாள் சன்னிதிக்குள் நுழைந்ததைக் கண்டதாகவும், உள்ளே போனவர் திரும்பவில்லை என்றும் தஞ்சாவூர் ராஜாக்களைப் பற்றிய தெலுங்குச் சரித்திரம் கதை சொல்கிறது.

தலை காவேரிக்குத் தென்கரையில், ஆள் வடகரையில். ஒரு வம்சம் எப்படி முடிகிறது என்று கேட்டால் டென்மார்க்கில் பிறப்பு இறப்புப் பட்டியல் பதில் சொல்கிறது; இங்கே ஒருவர் கர்ப்பக்கிருகத்துக்குள் நடந்து மறைந்துவிடுகிறார். எது உண்மைக்குப் பக்கத்தில் என்று அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க நான் தயாராக இல்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரு பொது குணம் உண்டு. பெரியவர்களுக்கு மட்டுமே இந்த வசதி. 1619-ல் காரைக்கால் பக்கத்தில் கழியில் குத்தி வைத்த இரண்டு மாலுமிகளின் தலைகளுக்குச் சன்னிதியும் இல்லை, ஆண்டுமலரும் இல்லை.

வெடியில் தப்பிய ஒரு குழந்தையைத் தாதி நாகப்பட்டினத்துக்குத் தூக்கிப்போய் ஒரு வியாபாரி வீட்டில் வளர்த்ததும், செங்கமலதாசன் என்ற அந்தப் பையனைப் பட்டத்தில் வைக்க வந்த ஏகோஜி தானே தஞ்சாவூரை எடுத்துக்கொண்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒப்பந்தம் ஐம்பத்தைந்து வருஷத்தில் இரண்டு பக்கமும் அனாதை ஆகிவிட்டது. 3,111 மட்டும் மராட்டியருக்குக் கைமாறிற்று.

பிறகு வந்தது யாரும் திட்டமிடாதது. 1706-ல் சீகன்பால்கு வந்தார். வந்த இரண்டு வருஷத்தில் அவரைக் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் பிடித்து அதே டான்ஸ்போர்க்கில் நான்கு மாதம் அடைத்துவைத்தார். கெட்டேயின் கல்வீட்டுக்கும் தமிழ் அச்சுக்கும் நேர்ந்த முதல் உறவு இது. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தபோது காகிதம் போதாமல் எழுத்தைச் சின்னதாக வார்க்க வேண்டியிருந்தது. பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கி வார்த்தார்கள் என்பார்கள். காகித விலைக்குப் பயந்து எழுத்தளவைக் குறைத்த முதல் தமிழ் வெளியீட்டாளர்கள் இவர்கள். அந்த மரபுக்கு யார் வாரிசு என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டாம். தரங்கம்பாடியிலிருந்து திருச்சிக்கு வந்த சுவார்ட்ஸ் பாதிரியார் பிரஷ்யாக்காரர். குருப்பட்டம் பெற்றது கோபன்ஹேகனில், 1749-ல். கோட்டைக்குள் 1766-ல் அவர் கட்டிய கிறிஸ்து ஆலயம் இன்றும் நிற்கிறது. எதிர்த்திசையில், திருச்சி ஜில்லா குளத்தூரில் பிறந்த வேதநாயகம் பிள்ளை 1857-ல் தரங்கம்பாடிக்கு முன்சீபாகப் போனார். அதற்கு 12 வருஷம் முன்னால், 1845-ல், டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸ்ரீராமபூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றிருந்தார்கள். பிரபு வாடகைக்கு எடுத்த ஊரில், தமிழின் முதல் நாவலை எழுதப்போகிறவர் உட்கார்ந்து வரப்புத் தகராறும் கடன் பத்திரமும் விசாரித்தார்.

இந்த வரிசையில் விடுபட்டவர்கள் ஒப்பந்தத்திலேயே விடுபட்டவர்கள். 1620 நவம்பரில் தஞ்சாவூரில் கைமாறியது வெறும் மணல் அல்ல. மாசிலாமணிநாதர் கோயில் அங்கே அப்போதே முந்நூறு வருஷப் பழையது. பாண்டியன் குலசேகரன் காலத்துக் கல்வெட்டு உள்ள கோயில். ஊரும் அதன் கரையில் மீன்காரர்களும் இருந்தார்கள். அவர்களைக் கேட்டு யாரும் கையெழுத்திடவில்லை. அந்த 3,111 ரூபாயை டேனிஷ் கம்பெனி தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு இல்லை. வரி வசூலிக்கும் உரிமை கொடுக்கப்பட்டது அதற்காகத்தான். இறங்கும் சரக்குக்கும் உழும் நிலத்துக்கும் ஊர்க்காரன் கொடுத்ததிலிருந்து நாயக்கருக்குப் போயிற்று. கோயிலின் முன்பாகத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26-ல் வந்த அலை மீனவர் தெருக்களைத் துடைத்தது, கோட்டை நின்றது. அதற்கப்புறம் பலருக்குக் கரையிலிருந்து தள்ளி வீடு கட்டிக்கொடுத்தார்கள். விடியற்காலையில் படகைத் தள்ள இப்போது முன்னைவிட அதிக தூரம் நடந்து, கோட்டையைத் தாண்டி வருகிறார்கள்.